ஜிப்ஸியின் ஸ்டீயரிங் உதறல்: டேம்பர் மாற்றியும் திரும்ப வருகிறது

கேள்வி
எழுதியவர்: எஸ்டேட் ஜிப்ஸி

வணக்கம். என்னிடம் இருப்பது 2007ஆம் ஆண்டு மாருதி ஜிப்ஸி கிங். வால்பாறைப் பக்கத்து எஸ்டேட் பாதைகளில்தான் பெரும்பாலும் ஓடுகிறது. ஓடைகளைக் கடப்பதும் சேற்றில் இறங்குவதும் அதற்கு அன்றாட வேலை. அங்கெல்லாம் ஸ்டீயரிங்கில் எந்தக் குறையும் தெரிவதில்லை. 40 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, ஆழியாறு தாண்டிச் சமவெளிச் சாலையில் வேகம் பிடிக்கும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. ஸ்பீடோமீட்டர் முள் 55க்கும் 65க்கும் இடையில் நிற்கையில், பாலத்தின் இணைப்பிலோ சிறு பள்ளத்திலோ ஒரு முன்சக்கரம் தட்டினால் போதும். ஸ்டீயரிங் இடமும் வலமுமாக உதறத் தொடங்கி, மேலும் மேலும் வலுத்து, இரு கைகளாலும் பிடித்து நிறுத்த முடியாத நிலைக்குப் போய்விடுகிறது. வேகம் 30க்குக் கீழே வந்த பிறகே அடங்குகிறது. சாலை வழவழப்பாக இருந்தால் அதே வேகத்தில் ஒன்றும் நேர்வதில்லை.

கடந்த ஆண்டு 235/75 ஆர்15 மட் டயர்களும், பழையவற்றைவிட 2 அங்குலம் நீளமான ஷேக்கிள்களும் (லீஃப் ஸ்பிரிங்கின் ஒரு முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஊசல் தகடுகள்) போட்டேன். உதறல் முதலில் வந்தபோது ஓர் ஒர்க்‌ஷாப்பில் ஸ்டீயரிங் டேம்பரை (ஸ்டீயரிங்கின் ஆட்டத்தை அடக்கும், ஷாக் அப்சார்பர் போன்ற உருளை) மாற்றினார்கள். சில வாரங்கள் நன்றாக இருந்தது. பிறகு முன்னைவிட மோசமாகத் திரும்பிவிட்டது. வீல் பேலன்ஸும் அலைன்மென்ட்டும் பார்த்தாகிவிட்டது. இப்போது ஸ்டீயரிங் பாக்ஸையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். அவ்வளவு செலவில் இறங்குவதற்கு முன், குறை உண்மையில் எங்கே இருக்கிறது என்பதை வீட்டு வாசலிலேயே கண்டறிய வழி உண்டா? ஜாக்கி, ஸ்பேனர் செட், கூட நின்று உதவ ஓர் ஆள், இவை என்னிடம் உள்ளன.

பதில் 1
எழுதியவர்: கோவைப் பட்டறை

ஸ்டீயரிங் பாக்ஸை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். நீங்கள் எழுதியிருக்கும் விதத்திலேயே பாதி விடை இருக்கிறது. பேலன்ஸ் குறையால் வரும் அதிர்வுக்குத் தட்டல் தேவையில்லை. வழவழப்பான சாலையிலும் குறிப்பிட்ட வேகத்தில் வரும், அந்த வேகத்தைத் தாண்டினால் குறையும். பிரேக் மிதிக்கும்போது மட்டும் வருவது டிஸ்க் கோணலால் வருவது. உங்களுடையது இவ்விரண்டும் அல்ல. தட்டியதும் தொடங்கி, தானாகவே வளர்ந்து, வேகத்தைக் குறைத்தால் மட்டுமே நிற்கும் உதறல், முன்பக்கம் ஒரே கட்டையான ஆக்சில் உள்ள வண்டிகளுக்கே உரிய நோய்.

அது எப்படி நிகழ்கிறது என்பதைச் சொல்லிவிட்டால் தேடுவது எளிதாகும். முன்சக்கரங்கள் இரண்டும் டை ராட் என்ற கம்பியால் ஒன்றோடொன்று கட்டப்பட்டிருப்பதால், கிங்பின்களைச் (சக்கரம் இடம் வலம் திரும்ப அச்சாக நிற்கும் ஊசிகள்) சுற்றி இரண்டும் சேர்ந்தே இடமும் வலமும் திரும்புகின்றன. டயரின் பக்கவாட்டு நெகிழ்வு ஒரு ஸ்பிரிங்கைப் போல் அவற்றை நடுவுக்கு இழுக்கிறது. கனமும் ஸ்பிரிங்கும் சேர்ந்த எதற்கும் தனக்கென ஓர் ஆட்ட வேகம் உண்டு. ஜிப்ஸியின் 205/70 ஆர்15 டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.1 மீட்டர் ஓடும் என்பதால், ஸ்பீடோமீட்டர் 60 காட்டுகையில் சக்கரம் நொடிக்கு 8 முறை சுழல்கிறது. (உங்கள் புதிய டயர் சுமார் 10 சதவீதம் பெரியது, அதே 60இல் உங்கள் உண்மை வேகம் 66 என்பதையும் நினைவில் வையுங்கள்.) இந்தச் சுழற்சியும் அந்த ஆட்டமும் ஒத்துப்போகும் இடத்தில் ஒரு சிறு தட்டல் கிடைத்தால் போதும், ஒவ்வொரு சுற்றும் ஆட்டத்துக்குத் தீனி போடும். டயர் கனமானால் ஆட்டத்தின் வலுவும் கூடும்.

நல்ல நிலையில் உள்ள ஜிப்ஸியில் அந்த ஆட்டத்தைத் தின்றுவிடுவது டேம்பர் மட்டுமன்று. கிங்பின் பேரிங்குகள் மேலும் கீழும் அழுத்தி இறுக்கப்பட்டிருப்பதால் நக்கிள் (சக்கரத்தைத் தாங்கி அதோடு திரும்பும் பாகம்) திரும்பும்போது ஓர் உராய்வு இருக்கிறது. முதல் தடை அதுதான். பேரிங் தேய்ந்து அந்த இறுக்கம் போய்விட்டால் முழுச் சுமையும் டேம்பரின் மேல் விழுகிறது. புதிய டேம்பர் சில வாரங்கள் தாங்கும், பிறகு அதுவும் சோர்ந்துவிடும். உங்களுக்கு நடந்திருப்பது இதுவாகவே இருக்க வேண்டும் என்பது என் ஊகம். ஆனாலும் ஊகத்தை வைத்து யாரும் நக்கிளைப் பிரிக்கக் கூடாது.

முதலில் வண்டியைக் கழுவுங்கள், குறிப்பாக ரிம்மின் உட்புறத்தை. காய்ந்த சேறு ஒரு கைப்பிடி ஒட்டியிருந்தாலும் நேற்றுப் பார்த்த பேலன்ஸ் வீண். பிறகு சமதரையில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, நான்கு சக்கரமும் தரையில் இருக்கும்படியே, இன்ஜினை அணைத்துவிட்டு, உங்கள் உதவியாளரை ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கால் சுற்று அளவுக்கு மாறிமாறித் திருப்பச் சொல்லுங்கள். நீங்கள் கீழே படுத்துக்கொண்டு ஒவ்வோர் இணைப்பின் மேலும் விரலை வையுங்கள். பிட்மன் ஆர்ம் (ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து வரும் கை), டிராக் லிங்கின் (அந்தக் கையின் அசைவைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் கம்பி) இரு முனைகள், டை ராட் எண்டுகள், டேம்பரின் புஷ்கள், ஷேக்கிள் புஷ்கள், ஆக்சிலை ஸ்பிரிங்கோடு கட்டியிருக்கும் யூ போல்ட்டுகள் என வரிசையாகப் போங்கள். ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் தாமதமாக அசையும் இடத்தில் ‘டொக்’ என்று விரலில் தட்டும். கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரியும். ஸ்டீயரிங் பாக்ஸ் சேஸிஸில் மாட்டப்பட்டிருக்கும் இடத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். பெரிய டயர் போட்ட வண்டிகளில் அந்த இடத்தில் மயிரிழை விரிசல் விழுவது உண்டு. துரு ஒரு கோடாக வழிந்திருந்தால் சந்தேகப்படுங்கள். சக்கரத்தைத் தூக்கிவிட்டு இந்தச் சோதனையைச் செய்தால் சுமை இல்லாததால் பல தளர்வுகள் ஒளிந்துகொள்ளும்.

அதன் பிறகே ஜாக்கி. ஆக்சிலுக்குக் கீழே ஸ்டாண்டு கொடுத்து, ஒரு முன்சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து உள்ளும் வெளியுமாக ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் அது வீல் பேரிங்காகவும் இருக்கலாம், கிங்பின்னாகவும் இருக்கலாம். பிரித்தறிய, உதவியாளரைப் பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங். பிரேக் பிடித்தும் ஆடினால் கிங்பின். டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பர் நக்கிளோடு பூட்டப்பட்டிருப்பதால், பிரேக் ஹப்பையும் நக்கிளையும் ஒன்றாக்கிவிடுகிறது. மிச்சம் இருப்பது நக்கிளுக்கும் ஆக்சிலுக்கும் இடையிலான ஆட்டம் மட்டுமே.

அதுவரை சமவெளியில் 50க்கு மேல் போக வேண்டாம். உதறல் தொடங்கிவிட்டால் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். ஆக்சிலரேட்டரை விட்டு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, பின்னால் வருபவர் மீது ஒரு கண் வைத்து, வேகத்தைப் படிப்படியாகக் குறையுங்கள்.

பதில் 2
எழுதியவர்: டயர் பைத்தியம்

இவ்வளவு தூரம் போகத் தேவையில்லை என்று நினைக்கிறேன். மட் டயர்களில் காற்றை 22 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைத்தால் உதறல் பெரும்பாலும் அடங்கிவிடும். என் வண்டியில் அப்படித்தான் ஓட்டுகிறேன். முன் டயர்களைப் பின்னுக்கு மாற்றிப் போட்டாலும் வித்தியாசம் தெரியும்.

பதில் 3
எழுதியவர்: கோவைப் பட்டறை

மேலே சொல்லியிருப்பது நோயை அறிய உதவும் சோதனை, மருந்து அல்ல. காற்றைக் குறைத்தால் டயரின் நெகிழ்வு மாறுகிறது, அதனால் ஆட்டம் வேறு வேகத்துக்கு நகர்கிறது. தளர்வு இருந்த இடத்திலேயே இருக்கிறது. குறைந்த காற்றோடு வெயிலில் நெடுஞ்சாலையில் ஓடும் டயர் சூடேறுவது தனி ஆபத்து. ஆனால் டயர்களை முன்பின் மாற்றிப் போடுவதை நான் வரவேற்கிறேன், காசில்லாமல் செய்யக்கூடியது. மாற்றிய பின் உதறல் கணிசமாகக் குறைந்தால் தூண்டிவிடுவது ஏதோ ஒரு டயரோ ரிம்மோ என்று பொருள். தூக்கிய சக்கரத்தின் ஓரத்தில் ஸ்க்ரூடிரைவரை அசையாமல் நிறுத்திச் சுழற்றிப் பார்த்தால் ரிம் வளைந்திருப்பது தெரிந்துவிடும். தூண்டுவது ஒன்று, இடம் கொடுப்பது வேறொன்று. இரண்டையும் சரிசெய்ய வேண்டும், இடம் கொடுப்பதை முதலில்.

பதில் 4
எழுதியவர்: வவுனியா எஸ்ஜே

வணக்கம். இங்கு என்னிடம் இருப்பது ஜிப்ஸியின் மூத்த உறவினரான சுஸுகி எஸ்ஜே410. முன் ஆக்சிலின் அமைப்பு ஏறத்தாழ ஒன்றுதான் என்பதால் எழுதுகிறேன். கேள்வி கேட்டவர் நீளமான ஷேக்கிள் போட்டிருப்பதாகக் குறிப்பிட்டுள்ளார். அதைப் பற்றி இதுவரை யாரும் பேசவில்லை.

இந்த வாகனங்களில் முன் ஸ்பிரிங்கின் ஷேக்கிள் முன்முனையில் இருக்கிறது, பின்முனை சேஸிஸில் நிலையாகப் பூட்டப்பட்டிருக்கிறது. ஷேக்கிளை 2 அங்குலம் நீட்டினால் வாகனம் உயர்வது ஓர் அங்குலம் மட்டுமே. ஆனால் ஸ்பிரிங்கின் முன்கண் (முன்முனை வளையம்) 5 செ.மீ. இறங்கிவிடுகிறது. இரு கண்களுக்கும் இடையே 90 செ.மீ. இருந்தால் இந்த இறக்கம் ஆக்சிலை 3 டிகிரிக்குச் சற்று அதிகமாக முன்னோக்கிச் சாய்த்துவிடும். இந்த ஆக்சிலின் காஸ்டர் கோணமே (பக்கத்திலிருந்து பார்த்தால் கிங்பின் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு) ஏறத்தாழ மூன்றரை டிகிரிதான். அதாவது, உங்கள் வாகனத்தில் காஸ்டர் அநேகமாக இல்லாமலே போயிருக்கும். வளைவில் திருப்பிய பிறகு கையை விட்டால் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வருகிறதா என்று பாருங்கள். வராமல் சோம்பி நின்றால் நான் சொல்வது சரி.

ஆனால் ஒன்று. காஸ்டர் குறைந்தால் வாகனம் நேர்ப்பாதையில் நில்லாமல் அலையும். நீங்கள் சொல்லும் கடுமையான உதறலுக்கு அது மட்டும் காரணமாகாது. காஸ்டர் அளவுக்கு மீறிக் கூடினால்தான் உதறல் உண்மையில் தூண்டப்படுகிறது. இதை அறியாமல், அலைச்சலைச் சரிசெய்கிறேன் என்று ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவே தடித்த ஆப்புத் தகட்டைச் செருகிவிடுகிறார்கள். இங்குள்ள கராஜ் ஒன்றில் அப்படிச் செய்த வாகனம் ஒன்று ரோட்டில் ஓட்ட முடியாத நிலைக்கு வந்ததைப் பார்த்திருக்கிறேன். தகட்டின் தடித்த பக்கம் முன்னால் வர வேண்டும் என்பது சரி. எனினும் காஸ்டரைக் கூட்டும் அதே சாய்வு டிஃபரன்ஷியலின் மூக்கைக் கீழே இறக்குவதால், முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் யூ ஜாயின்ட் கோணம் கெட்டு வேறோர் அதிர்வு தொடங்கும். என்னைக் கேட்டால் பழைய ஷேக்கிளையே திரும்பப் போடுவேன்.

பதில் 5
எழுதியவர்: எஸ்டேட் ஜிப்ஸி

மூவருக்கும் நன்றி. சொன்னபடி ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டேன். ரிம்களின் உள்ளே சேறு இருந்தது உண்மை. டை ராட் எண்டுகள், டிராக் லிங்க், பிட்மன் ஆர்ம் எல்லாம் இறுக்கமாகவே உள்ளன. இடப்பக்க யூ போல்ட்டுகளில் இரண்டு நட்டுகள் தளர்ந்திருந்தன, முறுக்கிவிட்டேன். சேஸிஸில் விரிசல் எதுவும் தெரியவில்லை. ஸ்டீயரிங் வளைவுக்குப் பின் நேருக்கு வருவதில்லை. வவுனியா நண்பர் சொன்னது சரி.

முக்கியமானது இதுதான்: இடச்சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டியபோது தெளிவான ஆட்டம் தெரிந்தது. பிரேக்கை மிதித்துப் பிடித்தும் அது மறையவில்லை. நக்கிள் உருண்டை ஆக்சிலோடு சேரும் இடத்தில், வட்ட சீலின் ஓரமாக, கறுத்த தண்ணீர்த்தன்மையுள்ள கிரீஸ் கசிந்திருக்கிறது. வலப்பக்கம் ஆட்டம் மிகக் குறைவு. கிங்பின் பேரிங் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டுமா? அப்படியானால், ஷிம் (பேரிங்கின் இறுக்கத்தைச் சரிசெய்ய வைக்கும் மெல்லிய தகடு) ஒன்றை எடுத்துவிட்டு இறுக்கினால் போதும் என்று இங்குள்ள மெக்கானிக் சொல்கிறார். அது சரியா?

பதில் 6
எழுதியவர்: கோவைப் பட்டறை

கிங்பின்தான், சந்தேகமே வேண்டாம். ஆனால் ஷிம்மை மட்டும் எடுத்து இறுக்குவது உங்கள் வண்டிக்குச் சரிவராது. காரணம் அந்தக் கறுத்த கிரீஸ். ஆக்சிலின் உள் சீல் போய், டிஃபரன்ஷியல் ஆயில் நக்கிளுக்குள் வந்து கிரீஸைக் கரைத்திருக்கிறது. ஓடைத் தண்ணீரும் சேர்ந்திருக்கும். இந்த நிலையில் முதலில் சாவது கீழ்ப் பேரிங், ஏனென்றால் தண்ணீர் தங்குவது அங்கேதான்.

பிரித்ததும் கீழ்ப் பேரிங்கின் கப்பைத் (உருளைகள் ஓடும் வெளி வளையம்) துடைத்துவிட்டு உட்சுவரில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால், உருளைகள் எப்போதும் ஒரே இடத்தில் அமர்ந்து அடி வாங்கி, வரிசையாகக் குழிகள் பதித்திருக்கும். நகம் ஒவ்வொரு குழியிலும் ‘டிக் டிக்’ என்று விழும். இப்படிப்பட்ட கப்பின் மேல் ஷிம்மை எடுத்து இறுக்கினால், நேராக இருக்கும்போது தளர்வாகவும் திருப்பும்போது பிடிப்பாகவும் ஒரே நேரத்தில் இருக்கும். உங்கள் மெக்கானிக் சொல்லும் முறை, பேரிங் நன்றாக இருந்து இறுக்கம் மட்டும் சற்றுக் குறைந்த வண்டிக்குப் பொருந்தும்.

ஆகவே மேல், கீழ் பேரிங்குகள், கப்புகள், ஆக்சிலின் உள் சீல், நக்கிளின் வெளிச் சீல் அனைத்தையும் மாற்றுங்கள். வலப்பக்கத்தையும் சேர்த்தே செய்யுங்கள். ஒரு பக்கம் புதிதும் மறுபக்கம் பழையதுமாக இருந்தால் சில மாதங்களில் இதே வேலை மறுபடி வரும். பிரிக்கும்போது மேலே எத்தனை ஷிம், கீழே எத்தனை ஷிம் என்று அந்தந்தப் பக்கத்துக்குத் தனித்தனியே எழுதி வையுங்கள். நக்கிள் ஆக்சில் முனையின் நடுவில் நிற்பது அதைப் பொறுத்தது.

இனி முக்கியமான அளவு. எல்லாவற்றையும் மாட்டி, கிங்பின் போல்ட்டுகளை இறுக்கிய பின், டை ராடையும் டிராக் லிங்கையும் நக்கிளில் கோர்ப்பதற்கு முன்பாக, வெளிச் சீலையும் அதன் வளையத் தகட்டையும் பூட்டாமல் விட்டு, டை ராட் எண்டு நுழையும் துளையில் ஒரு வில் தராசைக் கொக்கியிட்டு அந்தக் கைக்குச் செங்கோணத்தில், கிடைமட்டமாக இழுங்கள். நக்கிள் அசையத் தொடங்கும் நொடியில் தராசு 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடையில் காட்ட வேண்டும். இது சுஸுகியின் சர்வீஸ் கையேட்டில் உள்ள அளவு. குறைவாக இருந்தால் ஒரு ஷிம்மை எடுங்கள், மிகுதியாக இருந்தால் ஒன்றைச் சேருங்கள். சீலைப் பூட்டிவிட்டு அளந்தால் சீலின் உராய்வும் சேர்ந்து, பேரிங் தளர்வாக இருக்கும்போதே அளவு சரியாக இருப்பதுபோல் காட்டிவிடும். பெரும்பாலான பட்டறைகளில் தவறு நடப்பது இந்த ஒரே இடத்தில்தான். மீன் நிறுக்கும் சாதாரணக் கைத்தராசே போதும், ஆனால் முதலில் ஒரு கிலோ பொருளைத் தொங்கவிட்டு அது சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

டேம்பரையும் இந்த வேளையில் கழற்றிக் கையால் இழுத்துத் தள்ளிப் பாருங்கள். இரு திசையிலும் ஒரே அளவு எதிர்க்க வேண்டும். நடுவில் வெறுமையாக ஓடும் இடம் இருந்தால் அது ஏற்கனவே உழைத்துச் செத்துவிட்டது என்று பொருள்.

ஷேக்கிள் விஷயத்தில் வவுனியா நண்பரோடு முழுமையாக உடன்படுகிறேன்.

பதில் 7
எழுதியவர்: ஜிம்னி ஐந்து கதவு

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். 2023இல் வந்த ஜிம்னியிலும் முன்னால் ஒரே கட்டை ஆக்சில்தான். அதில் உதறல் வந்தாலும் இதே வரிசைதானா? என் தம்பியின் 2020 மாடல் தாரில் இப்படி எதுவும் வருவதில்லையே?

பதில் 8
எழுதியவர்: கோவைப் பட்டறை

2020க்குப் பிந்தைய தாரில் முன்சக்கரங்கள் தனித்தனி சஸ்பென்ஷனில் நிற்கின்றன. இரண்டையும் சுமக்கும் ஒரே கட்டை ஆக்சில் அதில் இல்லாததால், அதிர்வு வந்தாலும் இந்த வகையான உதறல் வராது. ஜிம்னிக்கு மேலே சொன்ன வரிசையோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதில் லீஃப் ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காயில் ஸ்பிரிங் இருப்பதால், ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடித்திருப்பது பேன்ஹார்டு ராடு எனப்படும் ஒற்றைக் கம்பிதான். ஸ்டீயரிங்கை மாறிமாறித் திருப்பும் சோதனையில் முதல் விரலை அந்தக் கம்பியின் இரு முனைப் புஷ்களில் வையுங்கள். போல்ட்டு இறுக்கமாகத் தெரிந்தாலும், துளை நீள்வட்டமாகத் தேய்ந்து ராடு அரை மில்லிமீட்டர் நகர்ந்தால்கூட ஆக்சில் முழுவதும் பக்கவாட்டில் குதிக்கும். ஷிம் வைப்பதைப் பற்றி ஜிப்ஸிக்குச் சொன்ன அளவை ஜிம்னிக்கு அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், அந்த வண்டியின் கையேட்டைப் பாருங்கள்.

பதில் 9
எழுதியவர்: எஸ்டேட் ஜிப்ஸி

இரு பக்க நக்கிள்களும் பிரிக்கப்பட்டன. இடப்பக்கக் கீழ்க் கப்பில் குழிகள் வரிசையாக இருந்தன; உருளைகளில் இரண்டு துருவேறித் திரும்பவே இல்லை. புதிய பேரிங்குகளோடு முதலில் தராசு அரைக் கிலோதான் காட்டியது; மேலிருந்து ஒரு ஷிம்மை எடுத்ததும் ஒன்றரைக் கிலோவுக்கு வந்தது. பழைய ஷேக்கிள்களையும் திரும்பப் போட்டாகிவிட்டது. பொள்ளாச்சிச் சாலையில் பாலத்து இணைப்புகளில் வேண்டுமென்றே 60இல் ஏற்றிப் பார்த்தேன், ஒரு சிறு துள்ளலோடு அடங்கிவிடுகிறது. 75க்கு மேல் லேசான அதிர்வு மட்டும் இருக்கிறது. முன்பு அந்த வேகத்தைத் தொட்டதே இல்லை என்பதால் அது புதிதா பழையதா என்று சொல்ல முடியவில்லை. இப்போது ஸ்டீயரிங் முன்பைவிடச் சற்றுக் கனமாகத் திரும்புகிறது. அது இயல்புதானா?

பதில் 10
எழுதியவர்: கோவைப் பட்டறை

கனம் இயல்புதான். பேரிங்கின் இறுக்கமும் திரும்பி வந்த காஸ்டரும் சேர்ந்து அப்படித் தெரியும். ஓடி ஓடிப் பேரிங் படிந்ததும் சற்று இளகும். படிந்த பிறகு ஒருமுறை சீலைக் கழற்றித் தராசில் மீண்டும் அளந்து, 1 கிலோவுக்குக் கீழே போயிருந்தால் இன்னொரு ஷிம்மை எடுத்துவிடுங்கள். தளர்ந்திருந்த யூ போல்ட்டுகளையும் அடுத்த சில நூறு கிலோமீட்டருக்குள் மறுபடி முறுக்குங்கள், ஸ்பிரிங் அமர்ந்ததும் அவை இளகுவது வழக்கம். 75இல் வருவது வழவழப்பான சாலையிலும் வருகிறதென்றால் டயர் பேலன்ஸ்தான். சேற்றைக் கழுவிய ரிம்களோடு மறுபடி பேலன்ஸ் பாருங்கள்.